தண்ணீரின் நேரத்துக்கு: ஊசுடு முதல் பண்ருட்டி வரை ஒரு தை மாதப் பயணம்

வியாழன், ஊசுடு ஏரி

காணும் பொங்கலுக்குக் கூடிய கூட்டம் கலைந்த பிறகு ஏரிக்கரைகளும் கழிமுகங்களும் எந்த நிலையில் இருக்கின்றன என்று பார்ப்பதற்காகவே இந்த வாரத்தைத் தேர்ந்தெடுத்தேன். கடலூர் மாவட்டத்திலும் புதுச்சேரியின் கொம்யூன்கள் எனப்படும் ஊராட்சிப் பகுதிகளிலும் கிராமச் சுற்றுலா என்ற பெயரில் தோட்ட வீடுகளும் தங்கும் விடுதிகளும் பெருகிவருகின்றன. அதனால் ஊருக்குப் பணம் வருகிறது என்று ஒரு சாராரும், ஊரே கைவிட்டுப் போகிறது என்று மறு சாராரும் திருப்பாதிரிப்புலியூரில் எங்கள் தெருமுனைத் தேநீர்க் கடையில் வாதிடுவார்கள். இரண்டு சாராரும் ஏரியில் எப்போது தண்ணீர் இருக்கும், எப்போது இருக்காது என்பதைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசுவதில்லை என்பது என் நெடுநாள் குறை.

ஊசுடு, புதுச்சேரி நகரத்துக்கு மேற்கே சுமார் 10 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. சங்கராபரணி ஆற்றிலிருந்து சுத்துக்கேணி வாய்க்கால் வழியாக நீர் பெறும் இந்த ஏரியின் பரப்பு ஏறத்தாழ 800 ஹெக்டேர். அதில் ஏறக்குறைய பாதி புதுச்சேரிக்கும் மீதி தமிழ்நாட்டுக்கும் உரியது. புதுச்சேரி அரசு தன் பகுதியை 2008ஆம் ஆண்டில் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது; தமிழ்நாட்டின் பகுதி சில ஆண்டுகள் கழித்தே அந்தத் தகுதியைப் பெற்றது. இடைப்பட்ட காலத்தில், ஒரே நீர்ப்பரப்பில் காலையில் சரணாலயத்துக்குள் இருந்த வாத்து, மாலையில் சற்றே நீந்திப் போனால் சரணாலயத்துக்கு வெளியே இருந்தது.

காலை ஏழு மணிக்குக் கரைமீது ஏறியபோது மூடுபனி முழுவதும் விலகியிருக்கவில்லை. நாமக்கோழிகள் நூற்றுக்கணக்கில் ஏரியின் நடுவே கருப்புத் திட்டாகக் கிடந்தன. ஓரத்துத் தாமரைக்கொடிகளின்மேல் நீலத் தாழைக்கோழிகள் நடந்துகொண்டிருந்தன. கூழைக்கடாக்கள் வரிசையாக நின்று மீனை ஆழமில்லாத பக்கத்துக்கு ஒதுக்கின. ஊசிவால் வாத்துகளைத் தேடிப் பிடிக்கவே அரை மணி நேரம் ஆயிற்று, ஏனெனில் அவை பகலில் பெரும்பாலும் உறங்குகின்றன. இரவில் சுற்றுவட்டார வயல்களில் இறங்கி மேய்ந்துவிட்டு விடியலில் ஏரிக்குத் திரும்பும் பறவைகளுக்கு, நாம் அவற்றைப் பார்க்கப் போகும் நேரம்தான் ஓய்வு நேரம்.

ஒன்பது மணிக்குமேல் திருமணப் புகைப்படம் எடுக்க ஒரு குழுவினர் வந்தார்கள். பட்டுப்புடவையும் குடையுமாக அந்தப் பெண் கரையில் நடந்ததில் எவருக்கும் தொல்லை இல்லை. ஆனால் அவர்கள் பறக்கவிட்ட டிரோன் நீருக்குமேல் தாழ்ந்து வந்ததும், நாமக்கோழிக் கூட்டம் முழுவதும் நீர்மேல் ஓடி, எழுந்து, ஏரியின் மறுகோடியில் போய் இறங்கிற்று. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து வந்து, கோடை தொடங்குமுன் திரும்பிப் போக உடம்பில் கொழுப்புச் சேர்க்க வேண்டிய வலசைப் பறவைகளும் அந்தக் கூட்டத்தினிடையே இருந்தன. அவை ஒவ்வொரு முறை விரட்டப்படும்போதும் அந்தச் சேமிப்பில் ஒரு பங்கு கரைகிறது.

கரையோரத்தில் கடை வைத்திருக்கும் அம்மாவிடம் வார இறுதிக் கூட்டம் பற்றிக் கேட்டேன். “ஞாயித்துக்கிழம வர்றவங்க பறவையப் பாக்க வரல சார். பறவ பின்னால தெரியற மாதிரி தங்களப் பாக்கத்தான் வர்றாங்க” என்றார். அவருக்கு அந்த ஞாயிற்றுக்கிழமை வியாபாரம் வேண்டும். அதை மறைக்கவும் இல்லை. ஆனால் விடுமுறைக்கு மறுநாள் கரையில் கிடக்கும் பாட்டில்களைப் பொறுக்குவது யார் என்று கேட்டதற்குத் தன்னையே சுட்டிக்காட்டினார்.

வெள்ளி, பாகூர்

புதுச்சேரிப் பகுதியில் 84 ஏரிகள் என்பது கணக்கு. அவற்றில் ஊசுடுக்கு அடுத்த பெரியது பாகூர் ஏரி. சொர்ணாவூர் அணைக்கட்டில் தென்பெண்ணையிலிருந்து பிரியும் பங்காரு வாய்க்கால் இதற்கு நீர் கொண்டுவருகிறது. புதுச்சேரியின் நெற்களஞ்சியம் என்று பாகூரைச் சொல்வது வழக்கம், அந்தப் பெயருக்குப் பழைய சான்றும் உண்டு: ஒன்பதாம் நூற்றாண்டில் பல்லவ மன்னன் நிருபதுங்கன் காலத்துப் பாகூர்ச் செப்பேடு, இங்கிருந்த கல்விநிலையத்துக்கு மூன்று கிராமங்களை அளித்ததைச் சொல்கிறது. கல்விக்கூடம் ஒன்றை மூன்று கிராமங்களின் விளைச்சலால் நடத்த முடிந்ததென்றால் அந்த விளைச்சலுக்குப் பின்னால் ஒழுங்கான நீர்ப்பாசனம் இருந்திருக்க வேண்டும். மூலநாதர் கோயிலைப் பார்க்க வருபவர்களில் பெரும்பாலோர் ஏரிக்கரைக்கு வருவதில்லை. ஒருவகையில் நல்லது என்று தோன்றினாலும், கோயிலையும் ஏரியையும் சேர்த்துப் பார்க்காதவர் பாகூரைப் பாதிதான் பார்த்திருக்கிறார்.

சம்பா அறுவடை பாதிக்கு மேல் முடிந்திருந்தது. அறுவடை எந்திரங்கள் ஓடிய வயல்களில் கொக்குகளும் நத்தைகுத்தி நாரைகளும் இறங்கியிருந்தன. ஒருபுறம் அடுத்த போகமான நவரைக்கு நாற்றங்கால் பச்சை கட்டியிருந்தது. மதகருகே பனை நிழலில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவரோடு இரண்டு மணி நேரம் பேசிக்கொண்டிருந்தேன். மூன்று காணி நஞ்சை வைத்திருப்பவர். ஏரிப்பாசனச் சங்கத்தில் முன்பு பொறுப்பில் இருந்தவர். 2000ஆம் ஆண்டை ஒட்டி ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியுதவியோடு புதுச்சேரி ஏரிகள் சீரமைக்கப்பட்டபோது ஊர்தோறும் சங்கம் அமைத்து, விவசாயிகளையே வேலையில் சேர்த்துக்கொண்டதை அவர் பெருமையோடு நினைவுகூர்ந்தார்.

இந்த ஏரியில் படகு விட்டால் என்ன என்று அவ்வப்போது யாராவது கேட்பதுண்டாம். அதற்கு அவர் சொன்ன பதிலை அப்படியே தருகிறேன்: “படகு விட்டா நல்லதுதான் தம்பி, நாலு பையனுக்கு வேல கிடைக்கும். ஆனா பங்குனியில நான் மதகத் திறக்கச் சொன்னா அவன் திறக்க விடுவானா?”

ஏரி என்பது நிறைவதற்கும் காலியாவதற்கும் வெட்டப்பட்டது. ஐப்பசி, கார்த்திகை மழையில் நிறைந்து, தை, மாசியில் வயலுக்கு இறங்கி, கோடையில் அடிமண் வெடித்துக் கிடப்பதே அதன் ஆண்டுக் கணக்கு. நீர் இறங்க இறங்கக் கரையோரம் சேறாகும். அந்தச் சேற்றில்தான் உள்ளான்களும் நாரைகளும் இரை எடுக்கும். அடிமண் காய்ந்தால்தான் வண்டல் அள்ளி வயலுக்கு அடிக்க முடியும். சுற்றுலாப் படகுக்கோ ஆண்டு முழுவதும், அதிலும் பள்ளி விடுமுறை வரும் சித்திரை, வைகாசியில் கட்டாயமாக, ஆழமான நீர் வேண்டும். ஆகவே படகுத்துறை வந்த இடத்தில் ஓரத்தைச் செங்குத்தாக வெட்டி ஆழப்படுத்துவார்கள், கரையில் நடைபாதைக் கற்கள் பதிப்பார்கள், விளக்குக் கம்பங்கள் நடுவார்கள். பார்ப்பதற்கு அழகாகத்தான் இருக்கும். முழங்கால் ஆழத்து ஓரம் இல்லாத ஏரியில் வாத்துக்கும் நாரைக்கும் வேலை இல்லை, மதகைத் திறக்க முடியாத ஏரியில் விவசாயிக்கும் வேலை இல்லை.

சட்டம் காக்கும் என்று எண்ணுபவர்களுக்கு ஒரு செய்தி. 2017ஆம் ஆண்டின் ஈரநில விதிகள், ஈரநிலத்தின் உயர்வெள்ள மட்டத்திலிருந்து 50 மீட்டருக்குள் படகுத்துறை தவிர நிரந்தரக் கட்டடம் கூடாது என்கின்றன; ஆனால் பாசனத்துக்கென்றே மனிதர் அமைத்த நீர்நிலைகளை ஈரநிலம் என்ற வரையறையிலிருந்தே விலக்கிவிடுகின்றன. தமிழ் நிலத்தின் ஏரிகள் பெரும்பாலும் மனிதர் அமைத்தவை, பாசனத்துக்காகவே அமைத்தவை. ஊசுடுக்குச் சரணாலயம் என்ற கவசமாவது இருக்கிறது; அது இல்லாத ஏரிகளுக்கு அந்தந்த ஊரின் பாசனக்காரர்களே காவல்.

அந்தக் காவலுக்கு முன்னுதாரணம் நம் பக்கத்திலேயே உண்டு. செங்கல்பட்டில் இருந்த வெள்ளைக்காரச் சிப்பாய்கள் வேட்டைக்கு வந்து பறவைகளைச் சுட்டபோது, வேடந்தாங்கல் மக்கள் கலெக்டரிடம் முறையிட்டு, 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் தங்கள் ஏரிப் பறவைகளைக் காக்கும் உரிமைக்குக் கவுல் என்ற எழுத்துமூல உறுதிப்பத்திரம் பெற்றார்கள். பறவை எச்சம் கலந்த ஏரித்தண்ணீர் வயலுக்கு எருவாகும் என்பது அவர்களுடைய காரணம். வெளியூர்க்காரரின் பொழுதுபோக்குக்கு எதிராக ஒரு ஊர் தன் ஏரியைக் காத்த வழக்கு என்று அதை இன்றைக்கும் சொல்லலாம்.

பெரியவர் காட்டிய இன்னொன்றை எழுதாமல் விட முடியாது. பாசன வாய்க்காலை ஒட்டிய ஒரு வயலை வாங்கியவர், தோட்ட வீடு கட்டுவதற்காக மண் கொட்டி நான்கடி உயர்த்தியிருக்கிறார். இங்கே பல இடங்களில் வயலுக்கு வயல் நீர் பாயும் முறை இன்னும் இருக்கிறது. நடுவில் ஒரு மனை மேடானால் அதற்குக் கீழே உள்ள கடைமடை வயல்கள் அத்தனைக்கும் தண்ணீர் நின்றுபோகும். அடுத்த ஆண்டு அவர்களும் விற்கத்தான் வேண்டும். வந்து தங்குபவர்கள் ஜன்னலைத் திறந்து பார்க்க ஆசைப்பட்ட பச்சை வயல் அதற்கடுத்த ஆண்டு இருக்காது. போதாக்குறைக்கு, சாலையோர வயல்களில் குடித்துவிட்டு எறிந்த பாட்டில்கள். நடவுக்கு இறங்கும் பெண்கள் இப்போது சேற்றில் காலை அழுத்தி வைக்கப் பயப்படுகிறார்கள். காலில் கண்ணாடி கிழித்த தழும்பை ஒருவர் காட்டினார்.

இரவு, ஊருக்குள் ஒரு பழைய ஓட்டு வீட்டில் தங்கினேன். பணி ஓய்வு பெற்ற ஆசிரியரும் அவருடைய மனைவியும் திண்ணையை ஒட்டிய முன்னறையை வருபவர்களுக்கு விடுகிறார்கள். அவர்கள் வீட்டில் சமைப்பதே நமக்கும். குளிரூட்டி இல்லை, கொசுவலை உண்டு. ஒரு நேரத்தில் ஒரு குடும்பத்துக்கு மேல் ஏற்பதில்லை, ஏனென்றால் கொல்லையில் இருக்கும் கழிவுநீர்த் தொட்டி அதற்குமேல் தாங்காது என்று அந்த அம்மா சொன்னார். எத்தனை பேர் வரலாம் என்பதைக் கழிவுநீர்த் தொட்டியிலிருந்து கணக்கிடும் இந்த முறை, நான் படித்த எத்தனையோ திட்ட அறிக்கைகளைவிட நேர்மையானது.

சனி, தாழங்குடா

காலையில் கடலூருக்குத் திரும்பி, மாலையில் தென்பெண்ணை கடலில் கலக்கும் தாழங்குடாவுக்குச் சென்றேன். தேவனாம்பட்டினத்து வெள்ளிக் கடற்கரையில் இருக்கும் நெரிசல் இங்கே இல்லை. பங்குனி ஆமைகள் (ஆலிவ் ரிட்லி எனப்படும் கடலாமைகள்) முட்டையிட ஏறிவரும் பருவம் இது. ஒரு கூட்டில் நூறு முட்டை அளவில் இட்டு மூடிவிட்டுத் தாய் ஆமை போய்விடும். 45 முதல் 60 நாளில் குஞ்சுகள் வெளியே வந்து, இருட்டில் கடல்மேல் தெரியும் மங்கலான வெளிச்சத்தைப் பார்த்து நடக்கும். நிலப்பக்கத்தில் அதைவிடப் பளிச்சென்று விளக்கு எரிந்தால் அந்தப் பக்கம் திரும்பி, விடியுமுன் நாய்க்கும் காக்கைக்கும் இரையாகும்.

ஆமை நடைக்குப் போக வேண்டும் என்று ஆசைப்படுபவர்கள் இப்போது அதிகம், அந்த ஆசை நல்லதே. ஆனால் ஏறிவரும் ஆமையின் முகத்தில் கைபேசி விளக்கை அடித்தால் அது முட்டையிடாமலே திரும்பிவிடும். 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கும் உயிரினம் இது என்பதை அந்தக் கைபேசிக்காரரிடம் நள்ளிரவில் விளக்கிச் சொல்ல யாரும் இருப்பதில்லை. நான் ஆமை எதையும் பார்க்கவில்லை. மணலில் ஒரு பழைய தடம் மட்டும் தெரிந்தது.

கடற்கரை விடுதிகளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 2019ஆம் ஆண்டின் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை, மீனவர் உள்ளிட்ட உள்ளூர் மக்கள் தங்கள் வீடுகளின் அடித்தளப் பரப்பையோ அமைப்பையோ முகப்பையோ மாற்றாமல் விருந்தினரைத் தங்கவைக்க இடம் தருகிறது. மக்கள் நெருக்கம் மிகுந்த கடலோரக் கிராமங்களில் கட்டுமானத் தடைப் பகுதியை 200 மீட்டரிலிருந்து 50 மீட்டராகச் சுருக்கியதும் அதே அறிவிக்கைதான். முதல் ஏற்பாடு மீனவர் வீட்டுக்குப் பயன்படும். இரண்டாவது யாருக்குப் பயன்படும் என்பதற்கு, கடலைப் பார்த்த மனைகளின் விளம்பரப் பலகைகளே சாட்சி. வலை பின்னிக்கொண்டிருந்த ஒருவரிடம் வீட்டில் யாரையாவது தங்கவைப்பீர்களா என்று கேட்டேன். “தங்கட்டும் சார், ஆனா வெடிகாலம் மூணு மணிக்கு நாங்க கெளம்பற சத்தத்தப் பொறுத்துக்கணும்” என்றார்.

ஞாயிறும் திங்களும், பிச்சாவரம்

சிதம்பரத்திலிருந்து கிள்ளை வழியாகப் பிச்சாவரத்துக்கு ஞாயிற்றுக்கிழமை முற்பகலில் போய்ச் சேர்ந்தபோது வாகனம் நிறுத்த இடமில்லை. படகுச் சீட்டுக்கு நீண்ட வரிசை. வரிசையில் நின்ற குழந்தைகளின் கையில் சிப்ஸ் பொட்டலங்கள். பொட்டலங்களைப் பறிக்கக் குரங்குகள். வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட இந்தக் கழிமுகக் காடு 2022ஆம் ஆண்டில் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது. பட்டியலில் இடம்பெறுவதற்கு முன்பே பட்டிதொட்டியெல்லாம் அறிந்த இடம்தான். அதன் பிறகு கூட்டம் இன்னும் கூடிற்று என்று கடைக்காரர்கள் சொன்னார்கள். அன்றைக்குப் படகில் ஏறாமல் கிள்ளைக்குத் திரும்பி, ஓர் அறை எடுத்துத் தங்கி, திங்கள் காலை முதல் படகில் போனேன்.

துடுப்புப் படகுதான். ஓட்டிய இளைஞர் இந்தப் பகுதியில் பிறந்தவர். அகன்ற வாய்க்காலைக் கடந்து, சுரபுன்னைகளின் முட்டுவேர்கள் இரண்டு பக்கமும் வளைந்து இறங்கும் குறுகிய வாய்க்காலுக்குள் நுழைந்ததும் அவர் துடுப்பை உள்ளே வைத்துவிட்டு வேர்களைக் கையால் பிடித்துப் படகை நகர்த்தினார். தில்லை மரத்தின் கிளை ஒன்று தாழ்ந்திருந்த இடத்தில் தலையைக் குனியச் சொன்னார். அதன் பால் கண்ணில் பட்டால் பார்வையைக் கெடுத்துவிடும். வெண்கண்டலின் மூச்சு வேர்கள் சேற்றிலிருந்து ஆணி அடித்த பலகையைப் போல நிமிர்ந்து நின்றன. மரம் மூச்சுவிடுவது அவற்றின் வழியாகத்தான், ஆகையால் அவற்றின்மேல் எண்ணெய்ப் படலமோ பிளாஸ்டிக் உறையோ படிந்தால் என்ன ஆகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

விசைப்படகுகள் அகன்ற வாய்க்கால்களில்தான் ஓடுகின்றன. ஆனாலும் அவை எழுப்பும் அலை கரையின் களிமண்ணை ஒவ்வொரு முறையும் சிறிது அரித்துச் செல்கிறது. “மோட்டார் போற பக்கம் கரை நிக்காது சார். வேரு தனியா தொங்கும், அப்பறம் மரம் சாஞ்சுடும்” என்று, அப்படிச் சாய்ந்த இரண்டு மரங்களைக் காட்டினார். துடுப்புப் படகு ஏறக் காத்திருக்க வேண்டும், மெதுவாகப் போகும், நீர் வற்றிய நேரத்தில் குறுகிய வாய்க்கால்களுக்குள் நுழையவும் முடியாது. வந்தவர்களுக்கு இவை எல்லாமே குறைகள். காட்டுக்கு இவைதான் பாதுகாப்பு. நாள் ஒன்றுக்கு எத்தனை படகு என்பதை வாகன நிறுத்துமிடத்தின் கொள்ளளவை வைத்து முடிவு செய்யாமல், நீர் ஏறும் நேரத்தையும் துடுப்புப் போடும் கைகளின் எண்ணிக்கையையும் வைத்து முடிவு செய்தால், விசைப்படகைப் பற்றிய பேச்சே தேவைப்படாது. படகு ஓட்டுபவர்களுக்கு வேலையும் குறையாது, கூடத்தான் செய்யும்.

உள்வாய்க்கால் ஒன்றில் இருளர் பெண்கள் நால்வர் கழுத்தளவு நீரில் அமர்ந்தபடி நகர்ந்துகொண்டிருந்தார்கள். இரண்டு கைகளாலும் சேற்றைத் தடவி இறாலைப் பிடித்து, வாயில் கவ்வியிருக்கும் ஓலைப் பறியில் போட்டுக்கொள்வது அவர்களுடைய தொழில். நீர் வற்றும் நேரத்தில்தான் அது நடக்கும். எங்களுக்குப் பின்னால் வந்த படகிலிருந்து அவர்களைப் படம் எடுத்தார்கள். பெண்களில் ஒருவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். படகோட்டி படகைச் சற்று விலக்கி, அவர்கள் தடவிக்கொண்டிருந்த ஓரத்தைக் கலக்காமல் போனார். பின்னால் வந்தவர் அப்படிச் செய்யவில்லை.

இந்தக் காடு அழிந்த கதையில் நெடுங்காலம் இருளர்களும் சுற்றியுள்ள கிராமத்தாரும்தான் குற்றவாளிகள்: விறகு வெட்டினார்கள், ஆடு மாடு மேய்த்தார்கள் என்று. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களில் ஆராய்ந்தபோது வேறொரு காரணம் தெரிந்தது. காலனிக் காலம் தொட்டுக் காட்டைப் பகுதி பகுதியாகப் பிரித்து, முறை வைத்து மொட்டையாக வெட்டியதில், வெயில் பட்ட சேற்றுத்தரை வற்றித் தாழ்ந்து பள்ளமாயிற்று. ஏறிய கடல்நீர் அதில் தேங்கி, ஆவியாகி, உப்பு மிஞ்சியது. அந்த உப்பில் எந்த விதையும் பிழைக்கவில்லை. வனத்துறையோடு சேர்ந்து மீன்முள் வடிவத்தில் வாய்க்கால்கள் வெட்டி, நீர் ஏறவும் இறங்கவும் வழி செய்த பிறகு காடு திரும்பியது. வாய்க்கால் வெட்டியதிலும் கன்று நட்டதிலும் அதே கிராமத்து மக்களின் உழைப்பு இருக்கிறது. இன்று படகுத்துறையில் வசூலாகும் பணத்தில் அவர்கள் பங்கு என்ன என்பது கேட்கப்பட வேண்டிய கேள்வி.

2004 ஆழிப்பேரலையில் இந்தக் காடு பின்னால் இருந்த ஊர்களைக் காத்தது என்று இங்கே எல்லோரும் சொல்வார்கள். பரங்கிப்பேட்டைக் கடலோரத்து 18 குக்கிராமங்களைப் பற்றி கதிரேசனும் ராஜேந்திரனும் 2005இல் வெளியிட்ட ஆய்வும், அதே ஆண்டில் சயின்ஸ் இதழில் வந்த கடலூர்க் கடற்கரை ஆய்வும் அதையே சொல்லின. கடலிலிருந்து இருந்த தூரமும் நிலத்தின் உயரமுமே பெரிய காரணங்கள் என்று மறுத்தவர்களும் உண்டு. அந்த விவாதத்தை அறிஞர்களுக்கு விட்டுவிடுகிறேன். கடலுக்கும் காட்டுக்கும் நடுவில் இருந்த எம்.ஜி.ஆர் திட்டு என்ற மீனவர் குடியிருப்பு பேரழிவுக்கு உள்ளானதையும், காட்டுக்கு இப்பால் இருந்த ஊர்கள் தப்பியதையும் கண்ணால் பார்த்தவர்களிடம் அந்த விவாதம் எடுபடாது.

செவ்வாய், பணிக்கன்குப்பம்

பண்ருட்டிக்கு அருகே செம்மண் மேட்டில் இருக்கும் ஊர். முந்திரி பூத்திருக்கிறது, தோப்புக்குள் நுழைந்ததும் அந்த இனிப்பு வாசம் வந்துவிடும். பலாமரங்களில் பிஞ்சு இறங்கத் தொடங்கியிருக்கிறது. பழத்துக்கு இன்னும் மூன்று நான்கு மாதம் ஆகும். 2011 டிசம்பர் 30 அன்று புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரையேறிய ‘தானே’ என்ற புயலில் இந்தப் பக்கத்துப் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. தாத்தா நட்டதை இழந்த பலர் அப்போது தோப்பையே விற்றுவிட்டார்கள். விற்காமல் திரும்ப நட்டவர்களில் ஒருவரைத்தான் இன்று பார்த்தேன்.

பழப் பருவத்தில் அவர் தோப்புக்கு ஆட்கள் வருகிறார்கள்: மரத்தடியில் பழம் வெட்டித் தின்று, வீட்டில் பலாக்கொட்டைக் குழம்போடு சாப்பிட்டு, மாலையில் பழமும் முந்திரியும் வாங்கிக்கொண்டு போவார்கள். பத்து அறை கட்டலாம், பணம் தருகிறோம் என்று வந்தவர்களை அவர் திருப்பி அனுப்பிவிட்டார். கட்டினால் பத்து மரத்தை வெட்ட வேண்டும், அந்த மரங்களைப் பார்க்கத்தானே வருகிறார்கள் என்பது அவர் கணக்கு. இதைவிட எனக்குப் பிடித்தது மோட்டார்க் கொட்டகையைப் பற்றி அவர் வைத்திருக்கும் ஏற்பாடு.

கிராமச் சுற்றுலா என்றால் பம்புசெட் குளியல் என்று இப்போது ஆகிவிட்டது. தமிழ்நாட்டில் விவசாய மோட்டார்களுக்கு மின்சாரம் இலவசம். அது பயிருக்காகத் தரப்படுவது. குளிக்க ஆள் வந்தார்கள் என்று நாள் முழுவதும் மோட்டாரை ஓட்டினால் நிலத்தடி நீரும் பொதுப்பணமும் சேர்ந்தே வீணாகும். கடலோரக் கடலூரில் அளவுக்கு மீறி இறைத்த இடங்களில் கிணற்று நீர் உப்பாகியிருப்பதை இந்த மேட்டு நிலத்துக்காரர்களும் அறிவார்கள். இவர் தோப்பில் முறை வைத்து நீர் பாய்ச்சும் நாள்களில் மட்டும்தான் மோட்டார் ஓடும். வருபவர்கள் முன்கூட்டியே தொலைபேசியில் பேசினால் எந்தெந்த நாள் தண்ணீர் விடுகிறார் என்று சொல்வார். அன்றைக்கு வந்தால் தொட்டியில் குளிக்கலாம், வேறு நாளில் வந்தால் நிழலில் உட்காரலாம். சோப்பும் ஷாம்பும் தொட்டிக்குள் கூடாது, ஏனென்றால் அந்தத் தண்ணீர் நேராகப் பலாமரத்தின் பாத்திக்குப் போகிறது.

“இன்னிக்குக் குளிக்கலாமா?” என்று கேட்டேன்.

“வியாழக்கிழமதாங்க தண்ணி விடறது. மோர் கொண்டாரச் சொல்றேன், உக்காருங்க” என்றார்.